மாரிக்கனியின் பிரஷ்

பூவலிங்கம் முப்பது வருடம் சிமெண்ட் தரை போட்டவர். அவர் தேய்த்து முடித்த தரையில் முகம் பார்க்கலாம். ஊரில் எல்லோரும் டைல்ஸுக்கு மாறிய பிறகு, தன் ஐம்பத்து மூன்றாவது வயதில், ஸ்டெல்லா மேஸ்திரியிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். ஸ்டெல்லாவுக்கு வயது முப்பத்தொன்று.

ஒரு வருடம் கலவை குழைத்தார். டைல்ஸ் தூக்கிக் கொடுத்தார். பிறகு ஒரு பெண்கள் விடுதியின் மாடிக் குளியலறையை ஸ்டெல்லா அவரிடம் விட்டார்.

“இது உங்க வேலை, அண்ணே. நின்னுச்சுன்னா நீங்க தனி மேஸ்திரி. இல்லன்னா மறுபடியும் கலவைச் சட்டிதான்.”

டைல்ஸ் ஒட்டி முடிந்தது. இரண்டு டைல்ஸுக்கு நடுவே தீக்குச்சி கனத்துக்கு இடைவெளி. ஒட்டே தெரியாத தரைகளைப் போட்டுப் பழகியவருக்கு அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

“மேஸ்திரி, இதை அடைக்க எது நல்லது? கடைக்காரன் நாலு வகை சொல்லுதான். வெள்ளை சிமெண்ட், கலர் பொடி, எபாக்சி, சிலிக்கான்.”

ஸ்டெல்லா மூலையில் கிடந்த தரை தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை. கீழ்த்தளத்துக் குளியலறையை நீங்க கழுவுங்க.”

“நான் கேட்டது ஃபில்லரு.”

“காதுல விழுந்துச்சு அண்ணே.”

பூவலிங்கம் இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, விடுதியைக் கழுவும் மாரிக்கனி, அவர் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“என்ன கொத்தனாரே, என் வேலைக்கே வந்துட்டீங்க?”

“கழுவச் சொல்லியிருக்காங்க.”

“அப்ப குனிங்க. நான் ஒரு நாளாவது நின்னு பாக்கேன்.”

அவள் ஆசிட் பாட்டிலைச் சாய்த்தாள். ஒட்டுகள் நெடுக நுரை பொங்கியது.

“இது ஏன் பொங்குது?”

“வாராவாரம் பொங்கும். சோப்புக் கறை வேற எதுக்கும் போகாது. வார்டனம்மாவுக்குத் தரை பளிச்சுன்னு இருக்கணும்.”

பூவலிங்கம் தேய்த்துக் கழுவினார். பையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்து ஒட்டில் வைத்தார். உள்ளே இறங்கியது. எட்டு மாதத்துக்கு முன்பு வேறு யாரோ அடைத்த வெள்ளை சிமெண்ட். பாதிக்கு மேல் இல்லை.

“யார் தின்னது இதை?”

“நான்தான். வாரத்துக்கு ஒரு கவளம்” என்றாள் மாரிக்கனி. “அந்தச் சுவரோரத்தையும் பாருங்க. அதுக்கு ஆசிட்டே வேண்டாம். தானா கீறிக்கும்.”

சுவரும் தரையும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, மூலைக்கு மூலை ஓடியது. வெளியே தண்ணீர் லாரி ஒன்று போனது. பக்கெட்டில் இருந்த தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. பூவலிங்கம் அது அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை, ஆசிட் தின்ன முடியாத எபாக்சிப் பசை வாங்கி வந்தார். சுவரோரத்துக்கு மட்டும், நடுக்கத்துக்கு வளைந்து கொடுக்கும் சிலிக்கான்.

முதல் கலவை பாதியிலேயே இறுகத் தொடங்கியது. எது இறுகினாலும் தண்ணீர் தெளித்து இளக்கியே பழகிய கை. அதுவாகவே தண்ணீர் மக்கை எடுத்துத் தெளித்துவிட்டது. எபாக்சி திரிந்து பாழானது.

ஸ்டெல்லா வாசலில் நின்று பார்த்தார்.

பூவலிங்கம் பாழானதை வழித்து எறிந்தார். தண்ணீர் மக்கை வெளியே வைத்துக் கதவைச் சாத்தினார். அடுத்த கலவையை டீ டம்ளர் அளவுக்குத்தான் கலந்தார். அடைத்தார், துடைத்தார், மறுபடி கலந்தார். சாயங்காலம் கதவு திறந்தபோது அவருக்கு முதுகு நிமிரவில்லை.

“எத்தனை நாள் பொறுக்கணும் மேஸ்திரி?”

“பன்னிரண்டு வெள்ளிக்கிழமை.”

பன்னிரண்டாவது வெள்ளிக்கிழமை வார்டனும் வந்து நின்றார். மாரிக்கனி ஆசிட்டை ஊற்றினாள். நுரை வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அழுத்தித் தேய்த்துக் கழுவினாள்.

ஸ்டெல்லா ஒரு தீக்குச்சியை நீட்டினார். பூவலிங்கம் மண்டியிட்டு, ஒவ்வொரு ஒட்டின் மேலும் அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தார். ஓரிடத்திலும் இறங்கவில்லை. சுவரோரத்தை விரலால் தடவினார். வெடிப்பு இல்லை. கடைசி மூலையில் குச்சி அழுத்தம் தாங்காமல் முறிந்தது.

“போச்சு. இனி எனக்குக் கவளம் கிடையாது” என்றாள் மாரிக்கனி.

பூவலிங்கம் எழுந்து நின்றார். முறிந்த குச்சியைக் கீழே போட மனம் வராமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வார்டன் ஸ்டெல்லாவிடம் சொன்னார்: “நல்ல ஃபில்லர்மா. அடுத்து சமையலறையில பாத்திரம் கழுவுற இடம். அங்கேயும் இதையே போட்டுடலாமா?”

“மேஸ்திரியைக் கேளுங்க.”

“நீங்கதானே மேஸ்திரி?”

ஸ்டெல்லா பூவலிங்கத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

பூவலிங்கம் மாரிக்கனியிடமிருந்து பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார்.

“அங்கே கழுவுறது யாரு?”