மேஸ்திரியின் இடுப்புக் கோடு

வெள்ளியம்பாளையத்தில் சுவருக்கு இரண்டு நிறம் அடிக்கும்போது யாரும் டேப் பிடித்து அளப்பதில்லை. மேஸ்திரி ஒண்டிமுத்து சுவரில் முதுகை ஒட்டி நிற்பார். அவருடைய வேட்டிக் கட்டுக்கு நேராகக் கையாள் கருப்பராயன் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பான். மேஸ்திரி ஒரு எட்டு நகர்வார். இன்னொரு புள்ளி. நூல் பிடித்துப் புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. கோட்டுக்கு மேலே க்ரீம், கீழே பச்சை. பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, மாட்டாஸ்பத்திரி எல்லாமே ஒண்டிமுத்துவின் இடுப்பு வரைக்கும் பச்சையாக இருந்தன.

கருப்பராயன் குட்டை, இன்னொரு கையாள் பட்டீசு நெட்டை. ஆகவே அவர்களுடைய இடுப்புகள் எடுபடவில்லை. ஒருமுறை மேஸ்திரி காய்ச்சலில் விழுந்தபோது, அவர் எழுந்து நிற்கும்வரை இருவரும் பாதிச் சுவரோடு காத்திருந்தார்கள்.

ஒண்டிமுத்துவுக்கு இதில் கர்வம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். பஸ்ஸுக்கு நிற்கும்போது மட்டும் பள்ளிக்கூடச் சுவர்ப் பக்கமாகப் போய், கோடு தன் இடுப்பில்தான் இருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பார்த்துக்கொள்வார். இருக்கும்.

அந்தச் சுவரைப் பார்த்துத்தான் போஜன் ஜீப்பை நிறுத்தினார். அவருக்குக் கோத்தகிரியில் தேயிலை ஃபேக்டரி. அடிவாரத்தில், இந்த ஊர் எல்லையில், ஒரு பண்ணை வீடு. அங்கே ஷெட்டில் ஒரு பழைய ஆஸ்டின் ஹீலி வைத்திருந்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத, தரையோடு பம்மிக் கிடக்கும் இங்கிலீஷ் கார். ஊட்டியில் பழைய கார்களின் கண்காட்சி நெருங்கிவிட்டது. கோயம்புத்தூரில் கார் பெயின்ட் அடிப்பவர்கள் யாரும் அதற்குள் முடியாது என்றார்கள். போஜனுக்கோ இரண்டு நிறமும் சேரும் இடம் கத்தி வைத்து வெட்டியதுபோல இருக்க வேண்டும்.

“அந்தச் சுவர்ல எப்படி அடிச்சீங்களோ அப்படியே அடிக்கணும் மேஸ்திரி. ஒண்ணு கூடக் குறையக் கூடாது. ஊட்டியில நூறு பேர் பார்ப்பாங்க. கோடு சரியா இருந்தா உங்க பேரைத்தான் சொல்லுவேன்.”

“சரிங்க.”

“வண்டிய நகர்த்தாதீங்க. சக்கரம் தரையவிட்டு எழும்பக் கூடாது. அச்சு பழசு.”

“எழும்பாதுங்க.”

“கோடு எங்க போடறதுன்னு குழம்பவே வேண்டாம். வண்டியிலயே இருக்கு.”

சாவியைக் கொடுத்துவிட்டு அவர் மலை ஏறிவிட்டார். நூறு பேர் என்பது ஒண்டிமுத்துவின் காதிலேயே நின்றது. மாட்டாஸ்பத்திரிச் சுவரை அதுவரை மாடுகள்தான் பார்த்திருந்தன.

மூவரும் காரைச் சுற்றி வந்தார்கள். பட்டீசுதான் முதலில் கண்டுபிடித்தான். காரின் பக்கவாட்டில், முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை, தகடு நீளமாக மடிந்திருந்தது.

“அண்ணா, எவனோ ஒரசிட்டுப் போயிருக்கிறான்.”

கருப்பராயன் மறுபக்கம் போனான். “இங்கயும் ஒரசியிருக்குதுங்கண்ணா. அதே உசரம்.”

ஒண்டிமுத்து குனிந்து தடவிப் பார்த்தார். “ரெண்டு லாரிக்கு நடுவால பூந்திருக்கிறாரு. பெரிய மனுசன், வெளிய சொல்ல வெக்கம்.”

அய்யா சொல்லாவிட்டாலும் நாம் செய்து கொடுப்பதுதான் மரியாதை என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். மடிப்பு முழுவதையும் பட்டி போட்டு நிரப்பி, உப்புத்தாள் தேய்த்து, கன்னம்போல வழவழப்பாக்கினார்கள். பிறகு கோட்டைத் தேடினார்கள்.

“வண்டியிலயே இருக்குதுன்னாரே?” என்றார் மேஸ்திரி.

கருப்பராயன் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தான். பட்டீசு சீட்டுகளுக்கு இடையில் கைவிட்டுத் துழாவினான். ஒரு சீப்பு கிடைத்தது.

“இல்லீங்கண்ணா.”

“அவருக்கு மறதி. நம்ம வழக்கப்படி போட்டுக்கலாம்.”

ஒண்டிமுத்து காரில் முதுகை ஒட்டி நின்றார். கருப்பராயன் பென்சிலை வேட்டிக் கட்டுக்கு நேராக நீட்டினான். பென்சில் எதிலும் படவில்லை. கதவின் மேல் விளிம்பே மேஸ்திரியின் தொடையோடு முடிந்துவிட்டது.

கருப்பராயன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான்.

“அண்ணா, உங்க கணக்குக்கு வண்டி பூராவும் பச்சைங்க,” என்றான் கருப்பராயன்.

“அப்ப க்ரீமு?”

“க்ரீமு வண்டிக்கு மேல, காத்துல வருதுங்க.”

“வண்டியத் தூக்கி வெச்சா?” என்றான் பட்டீசு.

“தூக்கக் கூடாதுன்னுட்டாரே.”

“அப்ப உங்களத்தானுங்க எறக்கோணும்.”

ஒண்டிமுத்து யோசித்தார். அய்யா காரைப் பற்றித்தான் சொன்னார்; மேஸ்திரியை இறக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஷெட்டுக்கு மண் தரைதான். கடப்பாறை வந்தது.

காரைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினார்கள். சுவரில் பாதிக்குப் பாதி என்பதால் இங்கேயும் கதவின் நடுவுக்கு இடுப்பு வர வேண்டும். மேஸ்திரி இறங்குவார், நிற்பார், ஏறுவார். இன்னும் கொஞ்சம் வெட்டுவார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே பட்டீசு கேட்டான்:

“ஏனுங்ண்ணா, இடுப்பு எங்க வரோணும்னு நமக்கே தெரிஞ்சு போச்சு. நேரா அங்கயே கோட்டப் போட்டுட்டா?”

மேஸ்திரி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “இடுப்பு இல்லாம கோடு எங்கிருந்துடா வரும்?”

கருப்பராயன் தலையில் அடித்துக்கொண்டான். “இவனக் கூட்டிட்டு வந்தா இப்படித்தானுங்க.”

பள்ளம் முடிந்ததும் ஒண்டிமுத்து அதற்குள் இறங்கி, எட்டு எட்டாக நகர்ந்து, காரை முழுச் சுற்றுச் சுற்றினார். புள்ளி, நூல், க்ரீம், பச்சை. கோடு அற்புதமாக வந்தது. “ஒண்ணு கூடக் குறையக் கூடாது” என்று அய்யா சொன்னது நினைவுக்கு வர, பள்ளிக்கூடச் சுவரில் இருந்ததுபோலவே இரண்டு கதவுகளிலும் ‘நோட்டீஸ் ஒட்டாதீர்’ என்று எழுதினார்கள். பின்னால், நம்பர் பிளேட்டுக்கு மேலே, ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’.

கண்காட்சியன்று காலையில் போஜன் வந்தார். கார் ஒரு தீவில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு நிறமும் சேர வேண்டிய அந்த மடிப்பு இருந்த இடத்தை அவர் தடவினார். கதவைப் படித்தார். பின்னால் போய் அதையும் படித்தார். பிறகு பெயின்ட் டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

“மேஸ்திரி, இங்க ஒரு மடிப்பு இருந்துச்சே.”

ஒண்டிமுத்து குரலைத் தாழ்த்தினார். “யாருகிட்டயும் சொல்லலீங்க.”

போஜன் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். “வண்டிய எப்படி வெளிய எடுக்கறது?”

“எடுக்கறதுங்களா? நகர்த்தக் கூடாதுன்னீங்களே?”

ஒருவழியாகப் பலகை போட்டுக் காரைச் சமதரைக்குக் கொண்டுவந்தார்கள். வேறு பெயின்ட் அடிக்க நேரமில்லை. போஜன் டவலால் பின்பக்கத்து வாசகத்தை மறைத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது, வழக்கம்போல ஒண்டிமுத்து காரோடு ஒட்டி நின்று புறங்கையால் தடவினார். கோடு அங்கே இல்லை. குனிந்து பார்த்தார். முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தது.

அவருக்கு முகம் செத்துவிட்டது. கார் சீறிக்கொண்டு கிளம்பிப் போன பிறகும் அதே இடத்தில் நின்றார்.

“கோடு எறங்கிப் போச்சுடா. அங்க நூறு பேரு சமதரையில நின்னு பாப்பான். ஒண்டிமுத்து கோடு முழங்காலுக்குத்தான் வருதும்பான். இத்தன வருசத்துப் பேரு.”

“கோடு சரியாத்தானுங்க இருக்குது,” என்றான் பட்டீசு. “பாக்கற ஆளுங்கதான் உசரத்துல நிக்கறாங்க.”

வாழ்க்கையில் முதல்முறையாக மேஸ்திரி அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். கடப்பாறை, மண்வெட்டியோடு மூவரும் ஊட்டி பஸ்ஸைப் பிடித்தார்கள்.

மைதானத்தில் வரவேற்புரை நடந்துகொண்டிருந்தது. நல்லவேளையாக வரவேற்றவருக்கு எல்லோரையும் தெரிந்திருந்தது. அவர் பேர் பேராக வரவேற்று முடித்து, பொன்னாடைகளும் போர்த்தப்பட்டு, மேடையடியில் உட்கார்ந்திருந்த போஜன் திரும்பிப் பார்த்தபோது, அவருடைய ஹீலியைச் சுற்றி முழங்கால் ஆழத்தில் பள்ளம் இருந்தது. அதற்குள் மூன்று பேர். அவர் ஓடி வருவதற்குள் தேர்வுக்குழுத் தலைவர் அங்கே வந்துவிட்டார். ஓய்வுபெற்ற கர்னல், பட்டீசைவிட ஒரு பிடி உயரம்.

“என்ன இது?” என்றார் கர்னல்.

“எறங்கி நின்னு பாருங்க அய்யா,” என்று ஒண்டிமுத்து கையை நீட்டினார். “வேட்டிக் கட்டு இல்லாட்டியும் பரவால்லீங்க, பெல்ட்டு போதும்.”

பட்டாளத்தில் இருந்தவர், பள்ளத்தைக் கண்டதும் கால் தானாக இறங்கிவிட்டது. மைதானமே பார்த்துக்கொண்டிருந்தது. ஒண்டிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கர்னலின் பெல்ட்டைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், மறுபடி பெல்ட்டைப் பார்த்தார்.

“அசையாதீங்க அய்யா,” என்றார். “கருப்பராயா, அவரு காலுக்குக் கீழ இன்னும் அரையடி வெட்டு.”