தவிட்டுக்குருவியின் தொண்டை கரகரத்த கதை

அந்தக் காலத்தில், பறவைகள் நம்மைப்போலப் பேசிக்கொண்டிருந்த நாளில், ஏரிக்கரை இலுப்பை மரத்தில் குஞ்சுகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. வாத்தியார் கொக்கு. ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டே பாடம் நடத்துவார். அவருக்குப் பிடித்தது அமைதி ஒன்றுதான். சத்தம் போடாத குஞ்சுக்கு இலையடர்ந்த மேல்கிளையில் இடம் கிடைக்கும். அந்த இடம் எப்போதும் தவிட்டுக்குருவிகளுக்குத்தான். அக்கா, தங்கை, அண்ணன், தம்பி என்று ஒரு கூட்டமே வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். அதுகளுக்குக் குரல் உண்டா என்றே பலருக்குச் சந்தேகம். "பிள்ளைங்கன்னா இப்படி இருக்கணும்" என்பார் கொக்கு. அதைக் கேட்டு மூத்தவள் வடிவுக்குப் பெருமை தாங்காது.

கீழ்க்கிளையில் கூத்தன் என்றொரு தூக்கணாங்குருவிக் குஞ்சு. கொஞ்சம் திக்கித் திக்கிப் பேசுவான். அது போதாதா வல்லூற்றுக் குஞ்சு மாறனுக்கு? "கூ... கூ... கூத்தன் வந்துட்டாருடோய்!" என்று தினமும் திக்கிக் காட்டுவான். பிறகு கூத்தன் இறக்கையிலிருந்து ஓர் இறகைப் பிடுங்குவான். முளைக்க முளைக்கப் பிடுங்கினான். பறக்க முடியாத குருவி பாம்பு வாய்க்குத்தான் போகும் என்பது அந்த மரத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கூத்தன் வாத்தியாரிடம் போய் அழுதான். அவர் கண்ணைத் திறக்கவேயில்லை. "விளையாட்டுக்குச் செய்றான்டா. நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றார். விளையாட்டாம்! இறகைப் பறிகொடுத்தவனிடம் கேட்டால்தானே தெரியும், அது என்ன விளையாட்டு என்று.

ஒருநாள் காலை மாறன் கூத்தனைக் கிளையோடு அழுத்திப் பிடித்தான். மிச்சமிருந்த இறகுகளை ஒவ்வொன்றாக இழுத்தான். கூத்தன் அலறிக்கொண்டே மேலே பார்த்தான். அவன் பார்த்தது வடிவைத்தான். வடிவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாறன் மேல் மட்டுமல்ல, நல்ல பிள்ளையாய் நிழலில் உட்கார்ந்திருந்த தன் மேலும் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"அக்கா, பேசாம இரு. நமக்கெதுக்கு வம்பு?" என்று தம்பி கிசுகிசுத்தான்.

"வம்புதான்டா. வரட்டும்!" என்றவள், கீழே பார்த்துக் கத்தினாள். பழக்கமில்லாத தொண்டை. குரல் கிழிந்துபோய்க் கரகரவென்று வந்தது. "விடுடா அவனை!"

மாறன் கூத்தனை விட்டுவிட்டு அவள் மேல் பாய்ந்தான். நகம் தோளில் இறங்கியது. அவள் கத்துவதை நிறுத்தவில்லை. அதைப் பார்த்த பிறகு தம்பியால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? அவனும் கத்தினான். தங்கை கத்தினாள். கூட்டம் மொத்தமும் கத்திக்கொண்டே மாறன் மேல் விழுந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் அலகு கொத்தியது. பெரிய வீரன், வாலைச் சுருட்டிக்கொண்டு ஏரிக்கு அந்தப் பக்கம் ஓடிப்போனான்.

அப்போதுதான் கொக்கு கண்ணைத் திறந்தார். "என்ன இது, சந்தைக்கடை மாதிரி? அடக்கமான பிள்ளைங்கன்னு நெனச்சேனே! மன்னிப்புக் கேளுங்க. இல்லேன்னா மரத்தை விட்டு எறங்குங்க."

"அவன் அலறினப்ப உங்க காதுல விழலை. நாங்க கத்தினது மட்டும் விழுந்துச்சா, வாத்தியாரே?" என்று கேட்டாள் வடிவு. அவள் தோளில் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. கொக்கு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மேல்கிளையை உதறிவிட்டு, கூத்தனை நடுவில் விட்டுக்கொண்டு, எல்லோரும் தரைக்கு இறங்கினார்கள். இறகு முளைக்கும்வரை அவனைச் சுற்றியே இரை தேடினார்கள். முளைத்தது. அவன் பறந்தான்.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் வேலியோரம் சருகைக் கிளறிக்கொண்டு, எங்கே போனாலும் கூட்டமாகவே போகின்றன. தொண்டைக் கரகரப்பு இன்னும் போகவில்லை, கண்ணில் கோபமும் போகவில்லை. வல்லூற்றின் நிழல் விழுந்தால் போதும், ஒன்று கத்தும், உடனே எல்லாம் கத்தும். கொக்கு மட்டும் இன்றைக்கும் ஒற்றைக் காலில், எதுவுமே காதில் விழாததுபோல் நின்றுகொண்டிருக்கிறது.