மூலை இல்லாத வயல்

எபிரேய ஜனங்க கோத்திரம் கோத்திரமா மலைநாட்டுல பிரிஞ்சு குடியிருந்த காலம் அது, அவங்களுக்கு ராஜான்னு ஒருத்தன் இன்னும் வரல. அப்போ ஒரு ஊர்ல மல்கியேல்னு ஒரு பெரிய வயல்காரன் இருந்தான். ரொம்ப பக்திமான். கடவுள் கொடுத்த சட்டமான நியாயப்பிரமாணத்தை ஒரு சொல் விடாம ஒப்பிப்பான். அதுல எந்தச் சொல் இல்லைங்கறதும் அவனுக்கு அத்துப்படி.

அந்த ஜனங்களுக்குக் கடவுள் சொல்லியிருந்தாரு: அறுக்கும்போது சிந்தின கதிரைப் பொறுக்காதே, மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, வயலோட மூலையை அறுக்காதே, அதெல்லாம் ஏழைக்கும் விதவைக்கும் பரதேசிக்கும்னு. அந்த ஊர்ல அசூபாள்னு ஒரு விதவை, இடுப்புல ஒரு பெண் குழந்தை. இதை நம்பித்தான் அவ வீட்டுல அடுப்பு எரியும்.

முதல் வருஷம் மல்கியேல் யோசிச்சான். யோசிச்சு, அறுக்கிறவங்க காலடியில கம்பளியை விரிக்கச் சொன்னான். அசூபாள் கூடையோட வந்து பார்த்தா தரையில ஒரு கதிர் இல்லை.

"என்ன அண்ணே, ஒண்ணும் சிந்தலையா?"

"சிந்துச்சு தங்கச்சி. கம்பளியில சிந்துச்சு. தரையில சிந்தினாத்தான் உனக்கு."

அப்புறம் அடுத்த வருஷம் வந்துச்சா, அவன் மறுபடி யோசிச்சான். யோசிச்சு, ஒவ்வொரு கதிர்க்கட்டு மேலயும் ஒரு ஆளை உக்கார வச்சான். கட்டை மறக்கலாம், ஆளை மறக்க முடியுமா? உக்காந்தவங்களுக்கு அளந்த கூலி, மறந்து போயிருக்கக்கூடிய கட்டை விட ஜாஸ்தி. இருந்தா என்ன, அவனுக்கு அன்னைக்கு நிம்மதியான தூக்கம்.

அப்புறம் அதுக்கடுத்த வருஷம். இன்னும் நல்லா யோசிச்சான். யோசிச்சு, சதுர நிலத்துல வட்டமா உழுது வட்டமா விதைச்சுட்டான். அறுப்புக்கு அசூபாள் வந்து நிக்கிறா, இவன் சிரிக்கிறான்.

"மூலையைக் காட்டு தங்கச்சி, நானே கூடையில அள்ளிப் போடறேன்."

பாவம், குழந்தை பசியில அழுதுட்டே இருந்துச்சு. அவ நேரா ஊர்வாசலுக்குப் போயி, அங்க உக்காந்து வழக்குத் தீர்க்கிற மூப்பர்கிட்ட முறையிட்டா. யெரியேல்னு பேரு அவருக்கு, அதிகம் பேசமாட்டாரு. மல்கியேலைக் கூப்பிட்டு விசாரிச்சாரு.

"வட்டத்துக்கு வெளிய நாலு மூலை கிடக்கே, அது உன் வயல் இல்லையா?"

"இல்லைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. உன் வயல் இல்லையா?"

"இல்லைங்க. நான் உழுதது வட்டம்."

"இத்தனை பேர் கேட்க இன்னொரு தடவை சொல்லு."

"வட்டம்தாங்க என் வயல். மூலைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை."

"சரி," அப்படின்னாரு மூப்பர். "அப்போ அசூபாள் அதைக் கொத்தி விதைச்சுக்கட்டும்."

 மல்கியேல், கல்லும் முள்ளும் கிடக்கிற இடத்துல இவ என்னத்த விளைவிப்பான்னு தன்னைத்தானே தேத்திக்கிட்டான்.

அவ கல்லைப் பொறுக்கினா, முள்ளை வெட்டினா. மண்ணைக் கொத்தி முடிக்கவே பருவம் தள்ளிப் போச்சு, பயறுதான் விதைக்க முடிஞ்சுது. வட்டத்துல அடுத்த வருஷத்து வாற்கோதுமை முத்தி அறுப்புக்கு நிக்குது, அவ பயறு அப்பத்தான் முளை விடுது. அந்த நேரம் பார்த்து ஆலங்கட்டி மழை கொட்டுச்சு. முத்தின கதிர் எல்லாம் உதிர்ந்து சேத்தோட சேறாச்சு. சின்ன முளை என்ன செய்யும், குனிஞ்சுது, வெயில் வந்ததும் நிமிர்ந்துக்கிச்சு.

கொஞ்ச மாசத்துல மல்கியேல் வீட்டுத் தானியக் குதிரும் காலி. வேற வழியில்லாம ஒரு கூடையை எடுத்துக்கிட்டு, யாரும் பார்க்கக் கூடாதுன்னு தலையில துணியைப் போட்டுக்கிட்டு வந்தான். அசூபாள் பயறு பறிச்சு முடிச்சிருந்தா. ஆனா ஒவ்வொரு மூலையிலயும் ஒரு மூலையைத் தொடாம விட்டிருந்தா.

அவன் ஓரமா நின்னு தயங்கினான். "தங்கச்சி, இது யாருக்கு?"

"வர்றவங்களுக்கு, அண்ணே."

"எவ்வளவு எடுத்துக்கலாம்?"

"மூலைன்னா எவ்வளவுன்னு கடவுள் சொல்லலையே. நீங்க ஒப்பிக்கறதைத்தான் நானும் கேட்டிருக்கேன்."

அவன் கூடையைக் கீழ வச்சான். குனிஞ்சு பறிச்சான். கையில இருந்து சிந்தினதை மட்டும் பொறுக்காம விட்டுட்டுப் போனான்.

இப்பவும் கோயில்ல முன்வரிசையில உக்காந்து, வசனத்தைக் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. வாசல்ல யாராவது கை நீட்டினா, எந்த வசனத்துல வட்டமா உழலாம்னு கண்ணைத் திறந்து தேடுவாங்க. நீங்க தேடாதீங்க, கண்ணுங்களா. இருக்கிறதுல கொஞ்சம் விட்டு வையுங்க.

அசூபாள் வீட்டுல பயறு வெந்துச்சு, குழந்தை தின்னுட்டுத் தூங்கிருச்சு. நீங்களும் தூங்குங்க.