ராணியைத் திட்ட ஆள் தேடிய நாள்

ஏரிகளுக்கு இன்னும் பெயர் வைக்காத காலத்தில், ஆற்றங்கரையில் செவ்வரை என்று ஒரு நாடு இருந்தது. அதை உலகநாச்சி என்ற ராணி ஆண்டுவந்தாள். பெரியவர்களே, பிள்ளைகளே, இது அவளுடைய கதை. அவளைப் பிடிக்காத ஒருவனுடைய கதையும்கூட.

உலகநாச்சி முடி சூடியபோது பின்னல் தொங்கும் சிறு பெண். நான் சொல்லும் காலத்தில் அவள் தலை பஞ்சாக வெளுத்திருந்தது. அவள் முடி சூடிய அன்று பிறந்தவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். சிம்மாசனத்தில் வேறொரு முகத்தைப் பார்த்தவர்கள் அந்த நாட்டில் அநேகமாக யாரும் இல்லை.

ஜனங்களுக்கு அவள் மேல் அப்படி ஒரு பிரியம். கல்யாணத்தில் முதல் வெற்றிலை அவள் பெயருக்கு. அறுப்பில் முதல் கதிர் அவள் பெயருக்கு. பிறக்கிற பெண் பிள்ளைகளில் பாதிக்கு அவள் பெயர். தெருவில் நின்று "நாச்சி" என்று கூப்பிட்டால் வீட்டுக்கு ஒருத்தி எட்டிப் பார்ப்பாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அக்கரையில் பரம்பை என்று இன்னொரு நாடு. அங்கே ராஜா கிடையாது. தலைவர்கள் முறை வைத்து ஆண்டார்கள். மழைக்கு மழை ஆள் மாறும். ஏரி உடைந்தால், "கரை போட்டது போன தலைவர், அவரைக் கேளுங்கள்" என்பார் இந்தத் தலைவர். போன தலைவரைக் கேட்டால், "இப்போது நானா ஆள்கிறேன்?" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீர் போய்விடும்.

செவ்வரையில் அப்படி இல்லை. நல்லது நடந்தாலும் அவள்தான், கெட்டது நடந்தாலும் அவள்தான். கைகாட்டிவிட இன்னொரு ஆள் கிடையாது. தான் வைத்த தென்னை காய்க்கும்வரை தானேதான் இருக்க வேண்டும் என்று தெரிந்தவள், கொஞ்சம் பார்த்துத்தான் குழி வெட்டுவாள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் ராஜாவுக்கு முடி சூட்டும்போதே ஊர்ப் பெரியவர்கள் அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். வருஷத்தில் ஒரு நாள், ஆள்கிறவர் ஆற்றங்கரைக் கல்லில் வந்து உட்கார வேண்டும். குடை கூடாது, செருப்பு கூடாது, முடி கூடாது. ஜனங்களில் ஒருவராவது எதிரே வந்து, தனக்கு நேர்ந்த குறையைச் சொல்லித் திட்ட வேண்டும். திட்டியவனை யாரும் தொடக் கூடாது. திட்டு வாங்கிய பிறகுதான் ஆள்கிறவர் தண்ணீர் குடிக்கலாம், முடியை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பொழுது சாய்வதற்குள் யாரும் திட்டவில்லை என்றால், முடி ஆற்றோடு போகும். அந்தக் குடும்பம் இனி ஆள முடியாது.

ஏன் தெரியுமா? திட்ட ஆளில்லை என்றால் ஜனங்கள் பயந்து கிடக்கிறார்கள் என்று அர்த்தம். பயமுறுத்துகிறவனுக்கு முடி எதற்கு? பெரியவர்கள் பயத்தை நினைத்து இந்த வழக்கத்தை வைத்தார்கள். அன்பை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆரம்பத்தில் அவளைத் திட்ட வரிசை நின்றது. பிரியம் வளர வளர வரிசை சுருங்கியது. கடைசியில் ஒருவன் மட்டும் மிஞ்சினான். அவன் பெயர் இருளப்பன்.

அவனுடைய வெற்றிலைக் கொடிக்காலை வெட்டித்தான் ராணி பெரிய கால்வாயைக் கொண்டுபோனாள். கால்வாயால் ஊர் ஊராக நெல் விளைந்தது. அவனுக்கு வேறு இடத்தில் இரண்டு மடங்கு நிலமும் கொடுத்தாள். அவன் அதில் ஏர் வைக்கவில்லை. வருஷா வருஷம் வந்து திட்டினான். "கேட்டுக்கொண்டேன்" என்பாள் ராணி. அவன் போய்விடுவான்.

மறப்பது பெரிய குணம் என்பார்கள். இழந்தவன் அதைச் சொன்னால் சரி. பறித்துக்கொண்டவன் சொல்லக் கூடாது.

அந்த வருஷம் ராணிக்கு உடம்பு தளர்ந்திருந்தது. ஊர் இளவட்டங்கள் கூடிப் பேசினார்கள். "இந்த வயசுல நம்ம தாய் இவன்கிட்ட ஏச்சு வாங்கணுமா? விடக் கூடாது."

விடியுமுன் போய், இருளப்பன் வீட்டுக்கு எதிரே கால்வாயைக் கடக்கும் மூங்கில் பாலத்தைப் பிரித்துப் போட்டார்கள். "வந்தா நாக்கை அறுப்போம்" என்று அக்கரையைப் பார்த்துக் கத்திவிட்டுத் திரும்பினார்கள்.

ராணி கல்லில் வந்து உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. யாரும் வரவில்லை. உச்சி திரும்பியது. அப்போதும் யாரும் வரவில்லை. அவள் உதடு காய்ந்து வெடித்தது. அப்போதுதான் ஜனங்களுக்கு உறைத்தது. திட்டுகிறவனைத் தடுத்தாகிவிட்டது. இனி யார் திட்டுவது?

முதலில் தளவாய் வந்தார், படைக்குத் தலைவர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தாயே! உங்கள் மேல் எனக்குப் பெரிய குறை உண்டு. எங்களையே நினைத்து நினைத்து உங்கள் உடம்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள்!"

ராணி சிரித்தாள். "தளவாயரே, இது திட்டு இல்லை, பூமாலை. கழுத்தில் போடுவதைக் காலில் போடுகிறீர். எடுத்துக்கொண்டு போம்."

அடுத்து அரண்மனைப் புலவர் வந்தார். வசைபாடப் போவதாகச் சொல்லித்தான் ஆரம்பித்தார். இரண்டாவது அடியிலேயே ராணி நிலவாகிவிட்டாள், நான்காவது அடியில் கடலாகிவிட்டாள்.

"வெயில் கடுமையாக இருக்கிறது, புலவரே. நிழலில் போய் உட்காரும்" என்றாள்.

மூன்றாவதாக மோர் விற்கும் பேச்சியை இழுத்துவந்தார்கள். சந்தையில் அவள் வாய்க்குப் பயந்து மாடுகூட ஒதுங்கிப் போகும். பேச்சி முந்தானையை இடுப்பில் செருகினாள். வாயைத் திறந்தாள். ராணியின் உதட்டைப் பார்த்தாள். செருகிய முந்தானையை மெல்ல உருவினாள்.

"திட்டு, அக்கா!" என்றார்கள் பின்னாலிருந்து.

"எனக்கு இவ என்னடா பண்ணினா? ஒண்ணும் பண்ணலையே. இல்லாததை வச்சு எப்படித் திட்டுறது?"

"உன் மாமியாரை நினைச்சுக்கோ!"

"மாமியா செத்து எவ்வளவு நாளாச்சு? இப்ப அவளையும் பிடிச்சுப்போச்சுடா!" என்று பேச்சி அழுதாள். அழுதுகொண்டே திரும்பிக் கத்தினாள். "நின்னு வேடிக்கை பாக்காதீங்கடா, மூதேவிகளா! ஓடிப் போய் இருளப்பனைக் கூட்டிட்டு வாங்க!"

காலையில் பாலத்தைப் பிரித்தவர்களே ஓடினார்கள். கால்வாயின் அக்கரையில் இருளப்பன் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"பெரியப்பா, சீக்கிரம் வாங்க! ராணியைத் திட்டணும்!"

"நாக்கை அறுப்பேன்னு கத்தின வாயா இது?"

"தப்புதான், பெரியப்பா. பொழுது சாஞ்சா முடி ஆத்தோட போயிடும்."

"போகட்டுமே," என்றான் இருளப்பன். "இத்தனை வருஷம் கத்தினதுல கிடைக்காதது, ஒரு பொழுது வாயை மூடிக்கிட்டு இருந்தா கிடைக்கப் போவுது. நான் ஏன்டா வரணும்?"

ஓடிவந்தவர்கள் காலையில் பிரித்துப் போட்ட மூங்கில்களைப் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

இருளப்பன் சூரியனைப் பார்த்தான். பிறகு பரம்பைப் பக்கம் பார்த்தான்.

"அங்க என் மச்சினன் இருக்கான். அவன் வீட்டை ஏரித் தண்ணி அடிச்சுக்கிட்டுப் போச்சு. யாரைத் திட்டுறதுன்னு தெரியாம அவன் பெண்டாட்டியைத் திட்டிக்கிட்டுக் கிடக்கான்." எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். "இவ ஒருத்திதான் எனக்கு அந்தக் கெடுதலைச் செஞ்சவ. இன்னும் அதே இடத்துல உட்கார்ந்திருக்கா. இவளை அனுப்பிட்டு நான் யார் முன்னால போய் நிக்கிறது? பாலத்தைப் போடுங்கடா."

பாலம் போட்டதும் அவனைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். கையைத் தட்டிவிட்டான். "தோள்ல ஏறி வந்தவன் திட்டினா அது திட்டா? நான் நடந்துதான் வருவேன்."

கிழவன் நடந்தான். அவன் பின்னால் இளவட்டங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்கள். சூரியன் பனை உச்சியைத் தொட்டபோது அவன் கல்லுக்கு எதிரே வந்து நின்றான்.

"உலகநாச்சி!" என்றான். "அது எங்கப்பன் வச்ச கொடிக்கால். ஊருக்குத் தண்ணி வேணும், வெட்டினே. எனக்கு அது தெரியாதா? ஆனா வெட்டுறதுக்கு முன்னால என் வாசலுக்கு ஒரு ஆளை அனுப்பினியா? 'இருளப்பா, வேற வழி இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினியா? நான் தண்ணி கட்டப் போறேன், மண்வெட்டிக்காரன் என் கொடியை மிதிச்சுக்கிட்டு நிக்கிறான். என்னை மனுஷன்னு நினைச்சியா நீ? நீ குடுத்த நிலம் நல்ல நிலம்தான். அதுல நான் ஏர் வைக்க மாட்டேன். சாகிற வரைக்கும் வைக்க மாட்டேன்!"

அவன் வருஷா வருஷம் சொன்னதும் இதேதான். ஆனால் அவன் வாயைத் திறந்தவுடன் ராணியின் பின்னால் நிற்கிறவர்கள், "தாய் வாழ்க! தாய் வாழ்க!" என்று முழங்குவார்கள். அந்தச் சத்தத்தில் அவள் காதில் விழுந்தது "கொடிக்கால்" என்ற சொல் மட்டும்தான். நிலத்துக்காகத் திட்டுகிறான் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தாள். திட்டு காதில் விழ வேண்டுமே என்று அன்றைக்கு யாரும் முழங்கவில்லை. முதல் தடவையாக முழுசாகக் கேட்டாள்.

கல்லை ஊன்றி எழுந்து நின்றாள்.

"ஆள் அனுப்பவில்லை," என்றாள். "அனுப்பியிருக்க வேண்டும். நான் செய்தது தப்பு."



"அதுக்காக மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே," என்றான் இருளப்பன்.

"நினைக்கவில்லை."

"வர்ற வருஷமும் வருவேன்."

"நான் உயிரோடு இருந்தால் இங்கே உட்கார்ந்திருப்பேன்."

இருளப்பன் அவளுடைய வெடித்த உதட்டைப் பார்த்தான். "இரு," என்றான். "முதல்ல தண்ணியைக் குடி."

பேச்சி மோர்ப் பானையோடு ஓடினாள். தளவாய் முடியை எடுத்துக் கொடுத்தார். இருளப்பன் அதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை, திரும்பி நடந்தான். ஜனங்கள் இரண்டு பக்கமும் விலகி அவனுக்கு வழி விட்டார்கள்.

ஆள்கிறவர் நெடுங்காலம் நிலைக்க வேண்டும் என்று மெய்யாக விரும்புகிற ஜனங்கள், அவரைக் குறை சொல்ல வருகிறவனுக்கு முதலில் வழி விட வேண்டும்.