திட்டில் கூடிய சபை

செத்த கெண்டைகளைக் கூடையோடு அரியணைப் படியில் கவிழ்த்தான் அரசவை விகடகவி சேந்தன். அரசர் மானகண்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். மீன்கள் நீலமாக இருந்தன.

ஆற்று நடுவே ஒரு திட்டு. மூன்று நாட்டு எல்லைகளும் அங்கேதான் முட்டிக்கொண்டன. மாசிலான் என்பவன் அதில் சாயப்பட்டறை போட்டு, கழிவை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தான். எந்த நாட்டுச் சேவகர் வந்தாலும், “ஐயா, இது உங்க நாடில்லையே” என்பான், ரொம்பப் பணிவாக.

ஆற்றைக் காக்க மூன்று நாடுகளும் சேர்ந்து ஒரு சபை வைத்திருந்தன. அது நடு ஆற்றில் படகில் கூடும், சாப்பிடும், கலையும். திட்டு தன்னுடையது என்று சொன்னால் பட்டறையை இடிக்கும் வேலையும் தன் தலையில் விழும். அதனால் ஒவ்வொரு தூதரும் அதைப் பக்கத்து நாட்டுக்குத் தாராளமாகத் தானம் செய்தார்.

மீனவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள் என்றான் சேந்தன்.

“அடுத்த சபையை நீயே கூட்டு,” என்றார் அரசர். “அதிலும் தீர்ப்பு வராவிட்டால் நீயும் அவர்களோடு கிளம்பு.”

அமைச்சர் அனந்தராயர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. சபையில் இந்த நாட்டின் தூதர் அவர்தான்.

சேந்தன் சபையைத் திட்டிலேயே கூட்டினான். பந்தல், மேளம், நாற்றத்துக்குச் சாம்பிராணி. மாசிலானே எல்லாருக்கும் இளநீர் கொடுத்து உபசரித்தான். மேளம் நின்றதும் சேந்தன் வெள்ளித் தட்டோடு எழுந்தான்.

“சபை எந்த மண்ணில் கூடுகிறதோ, அந்த நாட்டுக்கே முதல் தாம்பூலம். வழக்கம் தெரியாதவர்களா நீங்கள்?”

மூன்று தூதர்களும் தட்டை எட்டிப் பார்த்தார்கள். சேந்தன் மலைநாட்டுத் தூதர் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான். அவ்வளவுதான்.

“அவருக்கு எதுக்கு?” என்று மேலைக்கரைத் தூதர் எழுந்தார். தன் பாட்டனார் இங்கே மாடு மேய்த்தவர் என்றார். இந்த மண்ணே தங்கள் மலையிலிருந்து அடித்து வந்ததுதான் என்றார் மலைநாட்டார். முதல் மரியாதைக்காக ஒருமுறை கல்யாண வீட்டையே கலைத்த அனந்தராயர் பாய்ந்து தட்டைப் பிடித்தார்.

“எங்க மண்ணுய்யா இது. கையை எடும்.”

கையை யாரும் எடுக்கவில்லை. மூவரும் ஒரே நேரத்தில் வெற்றிலையை வாயில் திணித்து, ஒருவரையொருவர் முறைத்தபடி மென்றார்கள்.

“சரி, திட்டு மூவருக்கும் சொந்தம்,” என்றான் சேந்தன். “இனி மூன்று நாட்டுச் சேவகரும் இங்கே கைவைக்கலாம். பட்டறையை மூவரும் சேர்ந்தே இடிக்கலாம்.”

மாசிலான் துறைக்கு ஓடினான். மூன்று திசையிலும் சேவகர் படகுகள். திரும்பி வந்து தானாகவே உட்கார்ந்துகொண்டான்.

அப்போதுதான் தூதர்களுக்கு உறைத்தது. அனந்தராயர் அவசர அவசரமாகத் துப்பினார். மற்ற இருவரும் துப்பினார்கள்.

“துப்பினால் வெற்றிலை போகும், ராயரே,” என்றான் சேந்தன். “வாய்ச் சிவப்பு?”

செய்தி கேட்டு அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். தம் தோளில் கிடந்த நீலப் பட்டுச் சால்வையை எடுத்துச் சேந்தனுக்குப் போர்த்தினார்.

படகில் வீடு திரும்பும்போது தூறல் போட்டது. கரையோரம் மீனவர்கள் வலை விரித்துக்கொண்டிருந்தார்கள். சேந்தன் சால்வையைக் கழற்றி, நனைந்து சாயம் ஆற்றில் சொட்டாதபடி சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.