மேன்மாடம் வரைக்கும் ஒரு கிசுகிசுப்பு

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது கோபித்துக்கொள்ளக்கூடிய ஒரு நாட்டில், ஓர் அரசர் இருந்தார். அவருக்குப் படகு விடும் ஆசை வந்தது. அரசருக்கு ஆசை வந்தால் சும்மா இருப்பாரா? ஏரி எப்போதும் தளும்பி நிற்க வேண்டும் என்று மதகை அடைத்துவிட்டார். கீழே வயல்களில் நட்ட பயிர் வாடத் தொடங்கியது.

நடவுக்காரி சடைச்சி அரண்மனை வாசலுக்கு வந்து, "பயிரு சாவுது! மதகத் திறங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பகல் தூக்கத்திலிருந்த அரசர் திடுக்கிட்டு எழுந்தார். அவளைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள்.

மறுநாள் அவையில் மதகைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் கத்தியதைப் பற்றித்தான் பேச்சு.

"குறை நியாயமானதாகவே இருக்கலாம், அரசே. ஆனால் கேட்ட தொனி சரியில்லை" என்றார் பிரதானி விசயாதித்தர். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அரசவை விகடக்காரன் கூத்தபிரான் மட்டும், "வயிறு எரிகிறவள் எந்த ராகத்தில் கேட்க வேண்டும் என்று பிரதானியார் பாடிக் காட்டினால் நன்று" என்றான்.

அரசர் சிரித்துவிட்டார். பிரதானிக்கு அந்தச் சிரிப்பு ஆகவே ஆகாது. உடனே அரசரின் காதைக் கடித்தார். அரசர் முகம் மாறி ஆணையிட்டார்.

"நாளைக் காலை நான் மேன்மாடத்தில் இருப்பேன். அவள் வெளிமுற்றத்தில் நின்று முறையிடட்டும். துணைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் ரகசியம் பேசும் குரலுக்கு மேல் எவர் குரலும் எழக்கூடாது. எழுந்தால், கூத்தபிரானே, உன் தலை போகும். முறையீடு என் செவியில் விழுந்தால் மதகு திறக்கும். விழாவிட்டால் அவள் சிறையிலேயே கிடப்பாள்."

முற்றத்தில் ரகசியம் பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்கே சரியாகக் கேட்காது. பிரதானி மீசைக்குள் சிரித்துக்கொண்டார். கூத்தபிரான் நேரே சிறைக்குப் போனான்.

அங்கே சடைச்சி அவனிடம் சொன்னாள்: "என் ஒரு தொண்டையால என்னங்க ஆகும்? நடவுன்னா நான் பாட்டு எடுத்துக் குடுக்க, எல்லாரும் ஒரே மூச்சுல வாங்கிச் சொல்லுவாங்க."

கூத்தபிரான் அரசரின் ஆணையை மனத்துக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான். பிறகு அந்த ஆணையைச் சொல்லி ஆள் திரட்ட ஊர்களுக்கு ஓடினான்.

மேலூரின் தலைவரான அம்பலக்காரர் மருதப்பன் முகம் கொடுத்தே பேசவில்லை. "சடைச்சி சொன்னது நெசந்தான். அதுக்காக ராசா வாசல்ல அப்படியா கத்துறது? பொம்பளைக்கு அடக்கம் வேணாமா? நாங்க போயி நின்னா எங்களையும் அப்படித்தான நெனைப்பாங்க?"

"பிரதானியும் இதையேதான் சொன்னாரு. அவரு கெணத்துல தண்ணி கெடக்கு. உங்க வயல்ல கெடக்கா?" என்றான் கூத்தபிரான்.

மருதப்பன் கதவைச் சாத்திக்கொண்டார். மற்ற ஊர்களிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

காலையில் முற்றம் காலியாகக் கிடந்தது. சடைச்சியும் கூத்தபிரானும் காவலர்களும்தான் நின்றார்கள்.

"யாராச்சும் வராங்களா?"

"தெரியல தாயி."

சடைச்சி மெல்லத் தொடங்கினாள். "பயிரு சாவுது. மதகத் திறங்க."

"ஒன்றும் கேட்கவில்லையே!" என்றது மேலிருந்து அரசரின் குரல். பிரதானியின் சிரிப்பும் கேட்டது. இன்னொரு முறை சொன்னாள். அதுவும் எட்டவில்லை. சடைச்சிக்கு ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. கத்திவிடுவாள் என்று பயந்து கூத்தபிரான் கைகூப்பிக் கெஞ்சினான்.

அப்போது மதிலுக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டது. முதலில் மருதப்பன், மனைவி கையைப் பிடித்து இழுத்துவர, தலைகுனிந்தபடி வந்தார். அவர் பின்னால் மேலூர். அதன் பின்னால் மற்ற ஊர்கள். முற்றம் நிறைந்து தெருவும் நிறைந்தது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சடைச்சி மறுபடி எடுத்துக் கொடுத்தாள். அத்தனை பேரும் ஒரே மூச்சில் வாங்கிச் சொன்னார்கள்.

மழைக்கு முன் காற்று தோப்புக்குள் புகுவதுபோல அது மேலே ஏறியது. மாடத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன. அரசர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார். பிறகு விறுவிறுவென்று இறங்கி வந்தார்.

"கத்துகிறார்கள், அரசே! அவன் தலையை வெட்டச் சொல்லுங்கள்!" என்று பின்னாலேயே ஓடிவந்தார் பிரதானி.

காவலர்கள் ஒவ்வொரு வாயருகிலும் காதை வைத்துப் பார்த்தார்கள். "எல்லாரும் ரகசியம்தான் பேசுகிறார்கள், பிரபு."

கூத்தபிரான் கைகூப்பினான். "அரசே, ஒருவர் குரல் எவ்வளவு எழலாம் என்றுதான் ஆணை. எத்தனை பேர் சேர்ந்து பேசலாம் என்று அதில் இல்லை. அவையில் நாங்கள் ஒருவர் பேசி முடித்த பிறகே இன்னொருவர் பேசுகிறவர்கள். ஆகவே பிரதானியாருக்கு அது தோன்றவில்லை."

அரசர் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உயிர் போகிற நேரம் இதுதான் என்று கூத்தபிரான் நினைத்துக்கொண்டான்.

அரசர் கடகடவென்று சிரித்தார். "பயந்தே போனேன், கூத்தபிரானே! மதகைத் திறவுங்கள். அவளை விடுங்கள்." கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார்.

"இருந்தாலும் அந்தத் தொனி..." என்று ஆரம்பித்தார் பிரதானி.

"நீர் இனிமேல் ரகசியக் குரலில் பேசும். அதுவும் நான் தூங்கும்போது" என்றார் அரசர்.

வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். அரண்மனை வரை காது கிழிந்தது. எல்லாவற்றிலும் பெரிய சத்தம் மருதப்பன் மனைவியுடையது. மருதப்பன் அடக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.