பதினொன்றில் அணையும் ஃபோன்

குருவுக்கு வயது இருபத்தாறு. சீடருக்கு ஐம்பத்து நான்கு. ஆசிரமம் என்று சொல்வதானால், மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கும் மாடியறை. படி அத்தனை குறுகல். உடம்பு கனத்தவர்கள் கீழேயே நின்றுகொண்டு ஃபோனை மட்டும் மேலே கொடுத்தனுப்புவார்கள்.

குருவின் பெயர் அங்கயற்கண்ணி. செல்ஃபோன் பழுது பார்ப்பது தொழில். சீடர் சோலைராஜ், நூற்பாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் அவளிடம் வேலை கற்க வந்தார். முதல் நாள் கிண்டலாகத்தான் 'குருவே' என்று கூப்பிட்டார். மூன்றாம் நாள், தண்ணீரில் விழுந்து செத்துப்போன ஃபோன் ஒன்றை அவள் பேச வைத்தாள். அதற்குப் பிறகும் குருவே என்றுதான் கூப்பிட்டார், கிண்டல் மட்டும் போய்விட்டது.

நல்ல மனுஷர். ஒரே ஒரு குறை. மூடியிருக்கிற எதையும் திறந்து பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் கடை திறந்த கையோடு செண்பகம் என்ற பெண் படியேறி வந்தாள். தையல்காரி. ஃபோனைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"ஃபோன் ஆன் ஆகலை தங்கச்சி. ரெண்டு கடையில காட்டிட்டேன். உள்ள இருக்கிறதை எல்லாம் அழிச்சாத்தான் சரியாகும்ங்கிறாங்க."

"அழிச்சிட வேண்டியதுதானம்மா" என்றார் சோலைராஜ்.

செண்பகம் ஃபோனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அழிக்கக் கூடாதுண்ணே. அதுலதான் என் மக குரல் இருக்கு."

மகளுக்கு மூன்றரை வயது. பெயர் தன்ஷிகா. காது நன்றாகக் கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது, பேச்சு மட்டும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாள், ஒரு மாதம் தினமும் ஐந்து நிமிஷம் பிள்ளையோடு பேசி அதைப் பதிவு செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார். முப்பது பதிவும் முடிந்தது. மறுநாள் காலையில் அவரைப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த நாள் அது.

"அதைக் கேட்டுத்தான் பிள்ளைக்கு என்ன செய்யலாம்னு சொல்லுவாங்க. போச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து. இப்பவே சொந்தக்காரங்க ஊமைன்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க."

அங்கயற்கண்ணி கை நீட்டினாள். செண்பகம் கொடுத்தாள்.

சோலைராஜ் சார்ஜரை மாற்றிப் பார்த்தார். பேட்டரியை அளந்து பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. திரையில் கம்பெனிச் சின்னம் வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, இருண்டது. மறுபடி வந்தது. மறுபடி இருண்டது.

"போர்டு போயிருக்கு. தெறக்கவா குருவே?"

"வேணாம் சார்."

"அப்ப ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கி உள்ள போய்ப் பாக்கவா?"

"கைய எடுங்க சார்."

அவர் கையை எடுத்தார். அவள் ஃபோனை ரப்பர் விரிப்பின் மேல் வைத்தாள்.

"சின்னம் வந்ததுல இருந்து அணையுற வரைக்கும் எண்ணுங்க."

"எதுக்கு?"

"எண்ணிட்டுச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவள் வேறொரு ஃபோனை எடுத்து அதன் உடைந்த கண்ணாடியைக் கழற்ற உட்கார்ந்துவிட்டாள். செண்பகத்துக்குப் பொறுக்கவில்லை. மகள் குரல் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது, இவர் ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்.

சோலைராஜ் வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். பதினொன்று. இரண்டாம் முறையும் பதினொன்று. மூன்றாம் முறை முன்னால் குனிந்தார். ஏழாம் முறை வந்தபோது நாற்காலியின் நுனியில் இருந்தார்.

"குருவே, ஒரு தடவைகூட மாறலை. பதினொண்ணு, பதினொண்ணு, பதினொண்ணு. இது எப்படி?"

"உங்க மில்லுல மெஷின் பழுதானா எப்படி நிக்கும்?"

"அது இஷ்டத்துக்கு நிக்கும். ஒரு நா பத்து நிமிஷம் ஓடும், ஒரு நா ரெண்டு மணி நேரம் ஓடும். சொல்ல முடியாது."

"மணி அடிச்ச மாதிரி ஒரே நேரத்துல நின்னா?"

"அப்ப யாரோ நிறுத்துறான்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு அவரே ஃபோனைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"நான் தொடலை, சத்தியமா."

அங்கயற்கண்ணி ஃபோனை எடுத்தாள். அதைப் பார்க்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு சீடரிடம் நீட்டினாள்.

"மோந்து பாருங்க."

சோலைராஜுக்கு இது வேலையா விளையாட்டா என்று புரியவில்லை. இருந்தாலும் மோந்தார்.

"சந்தனம்" என்றார்.

செண்பகத்தின் முகம் மாறியது.

"ஆயுத பூஜைக்கு வச்சதுதான் தங்கச்சி. தையல் மெஷின், மிக்ஸி, அவரு வண்டி, எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். அதுக்கு முந்தின நாள்தான் ரெக்கார்டிங் முடிஞ்சிருந்துச்சு. பிள்ளைக்குப் பேச்சு வரணும்னு ஃபோனுக்கு மட்டும் பின்னாடியும் பக்கத்துலயும் சேத்து வச்சேன். மறுநாள் ஈரத்துணியால தொடச்சிட்டேனே. வச்சது தப்பா?"

"தப்பில்லக்கா. தொடச்சதுல கரைஞ்சு இடுக்குக்குள்ள போயிருச்சு."

அவள் ஃபோனின் ஓரத்தைக் காட்டினாள். ஆன் செய்கிற பட்டன் ஒரு நூல் அளவு உள்ளே அமுங்கி அப்படியே நின்றிருந்தது. சுற்றிலும் மஞ்சளாகக் காய்ந்த கோடு.

"ஃபோனுக்கு என்ன தெரியும்? யாரோ இன்னும் அமுக்கிக்கிட்டே இருக்காங்கன்னு நினைக்குது. விடாம அமுக்கினா மொதல்ல இருந்து ஆரம்பின்னு அர்த்தம். ஆரம்பிக்குது. மறுபடி அமுக்கினதாத் தெரியுது, மறுபடி ஆரம்பிக்குது. ஆன் ஆகலைன்னு சொன்னீங்க. இத்தனை நாளா அது ஆன் ஆகுறதைத் தவிர வேற ஒண்ணுமே செய்யலக்கா."

மெல்லிய பிரஷ்ஷில் அழுக்கைக் கரைக்கிற மருந்து ஒரு சொட்டு தொட்டு இடுக்கில் விட்டாள். காத்திருந்தாள். பிரஷ்ஷை மேலும் கீழும் நகர்த்தினாள். மஞ்சள் பொடி உதிர்ந்தது. இன்னொரு சொட்டு. சின்னதாக ஒரு 'டிக்'. பட்டன் வெளியே வந்தது.

திரையில் சின்னம் தோன்றியது. சோலைராஜ் யாரும் கேட்காமலேயே எண்ணத் தொடங்கினார். ஒன்பது. பத்து. செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள். பதினொன்று.

பன்னிரண்டு.

இருபதில் நிறம் மாறியது. முப்பதில் ஏதோ சுற்றியது. நாற்பத்து மூன்றில், இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண் திரையில் சிரித்தாள்.

"இதுக்கு நாப்பத்து மூணு வேணும்" என்றார் சோலைராஜ் வியப்போடு. "பதினொண்ணுக்கு மேல யாரும் குடுக்கலை."

"ரெக்கார்டிங் எல்லாம் இருக்கான்னு பாருங்கக்கா" என்றாள் அங்கயற்கண்ணி.

முப்பதும் இருந்தன. செண்பகம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நன்றாகக் கேட்கிறதா என்று பார்க்கக் கடைசிப் பதிவை ஓடவிட்டாள்.

"தன்ஷிக்குட்டி, அம்மா சொல்லு" என்றது அவளுடைய குரல்.

எண்ணிப் பழகிய வாய் சோலைராஜுக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று முணுமுணுத்தார்.

"சொல்லுடா செல்லம். அம்மா சொல்லு."

ஒண்ணு, ரெண்டு, மூணு.

ஏதோ ஒன்று கேட்டது. உதட்டைச் சேர்த்து மூச்சை உள்ளே வைத்துக்கொண்டதுபோல ஒரு சின்ன 'ம்'.

"சொல்லு பாப்பா, சொல்லு சொல்லு."

சோலைராஜ் எண்ணுவதை நிறுத்திவிட்டார். பதிவு தானாக ஓடியது. மறுபடி அந்த 'ம்'. அதன் மேலேயே மறுபடி 'சொல்லு'.

செண்பகம் ஃபோனைக் காதோடு வைத்து அந்த இடத்தைத் திரும்பக் கேட்டாள். வேறொரு நாளின் பதிவைப் போட்டாள். அதிலும் அப்படித்தான். இன்னொன்றைப் போட்டாள். பிறகு ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஆரம்பிச்சிருக்கா" என்றாள். "தினமும் ஆரம்பிச்சிருக்கா. நான்தான்..."

சோலைராஜ் ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தார். அங்கயற்கண்ணி அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். கீழே கண்ணாடிக் கடையில் யாரோ அறுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. செண்பகம் தானாக எழுந்திருக்கும் வரை மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள்.

கூலியைக் கொடுத்துவிட்டுப் படிவரைக்கும் போனவள் திரும்பி நின்றாள்.

"தங்கச்சி, ஒரு தடவை சொல்லிட்டு, எத்தனை எண்ணுற வரைக்கும் நான் சும்மா இருக்கணும்?"

"நாப்பத்து மூணு வச்சுக்கங்கம்மா" என்றார் சீடர், தாமதமில்லாமல்.

"அது ஃபோனுக்கு சார்" என்றாள் குரு. பிறகு செண்பகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"எண்ணாதீங்கக்கா. பிள்ளைக்கு முகம் இருக்குல்ல, அதைப் பாருங்க."